முதல் பாட்டில் தண்ணீர்

"மிஸ் வெர்னா, பெரிய அணியிலேர்ந்து எனக்கு அழைப்பு வந்தா, முதல் பாட்டில் தண்ணிய நீங்க ஊத்துவீங்களா?" என்று ஒமாரி ஒருமுறை பேருந்தில் கேட்டிருந்தான்.

நெப்ராஸ்காவின் அந்தச் சின்னக் கூடைப்பந்து அணியில் அதுதான் வழக்கம். மேல்மட்டப் போட்டிகளில் ஆடும் பெரிய அணி யாரைக் கூப்பிட்டாலும், அவன் தலையில் தண்ணீரைக் கொட்டி, நனைத்துத்தான் அனுப்புவார்கள். நான்கு வருடமாக மற்றவர்களை நனைத்த ஒமாரி மட்டும் நனையவே இல்லை.

இன்று காலை பயிற்சியாளர், அணியின் உடைகளைக் கவனித்துக்கொள்ளும் வெர்னாவிடம் வந்தார்.

"ஒமாரியோட ஷூ, துணி எல்லாத்தையும் பையில போட்டு வைங்க. நான் அவன்கிட்ட பேசணும்."

அவர் ஒமாரியை அழைத்துக்கொண்டு தன் அறைக்குள் போனதும், வெர்னா பையைக் கட்டிவைத்துவிட்டு உடைமாற்றும் அறைக்கு ஓடினாள்.

"டேய் பசங்களா, பாட்டிலை நிரப்புங்க! ஒமாரிக்கு அழைப்பு!"

"நம்ம கிழவனுக்கா? அவன் முட்டிக்கு ஐஸ் வைக்கவே அங்க தனியா ஒரு ஆள் வேணுமே!" என்று துள்ளினான் இருபது வயது பெக்கெட்.

ஒமாரி வெளியே வந்ததும் வெர்னாதான் முதலில் ஊற்றினாள். பிறகு எல்லோரும் கொட்டினார்கள். ஒமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெர்னாவின் கையிலிருந்த பாட்டிலை மெதுவாக வாங்கி, மிச்சத் தண்ணீரைப் பெக்கெட்டின் தலையில் கவிழ்த்தான்.

"யோவ் கிழவா, எனக்கு எதுக்குய்யா?"

பின்னால் வந்த பயிற்சியாளர் திகைத்து நின்றார்.

"பெக்கெட், பெரிய அணி உன்னைத்தான் கூப்பிட்டிருக்கு. ஒமாரிய... நம்ம அணியிலேர்ந்தே நீக்கிட்டாங்க."

வெர்னா கட்டிவைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒமாரி வெளியே போனான்.