அணில் எடுத்த கருத்துக்கணிப்பு

காட்டுப் புள்ளியியலாளர் மாநாட்டை முதல்முறையாக நடத்துகிற அணிலுக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. கூட்டம் எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்கு. முதல் பந்தியிலேயே சோற்றுப்பானை காலியானது மட்டும்தான் குறை. அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அணிலுக்கு ஏது நேரம்?

"சாப்பாடு எல்லாருக்கும் திருப்தின்னு கணக்கோடு காட்டிட்டா, அடுத்த வருஷமும் நீதான் செயலாளர்," என்றார் தலைவர் ஆந்தையார்.

அணில் வாலைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் ஓடியது. இலை முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவரையும் விடாமல் கேட்டது.

"பிரமாதம்டா தம்பி," என்று முயல் ஏப்பம் விட்டது. "பாயசம் இன்னொரு தடவை வருமா?"

வாசலில் பசியோடு நின்ற கொக்கு, "எங்களையும் ஒரு வார்த்தை கேளேம்பா," என்றது.

"நீங்க இன்னும் சாப்பிடவே இல்லையே மாமா. சாப்பிடாதவங்க சாப்பாட்டைப் பத்தி என்ன சொல்ல முடியும்?"

மேடையில் முடிவை அறிவித்தார்கள். நூற்றுக்கு நூறு திருப்தி. அடுத்த வருஷமும் இதே அளவு அரிசி, இதே அணில். கைதட்டலில் பந்தலே அதிர்ந்தது. கொக்கின் வயிறு இரைந்தது ஒருவர் காதிலும் விழவில்லை.