பைச் சோதனை

“பையைத் திற பிள்ளை.”

யசிந்தா திறந்தாள்.

“உப்பிடியில்லை. கொட்டு.”

வாசலில் கிடந்த மர வாங்கிலில் கொட்டினாள். சாப்பாட்டுப் பெட்டி, ஒரு துவாய், செபமாலை.

முதலாளி சிவக்கொழுந்து ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தாள். துவாயை உதறினாள். வீட்டுக்குப் புறப்பட்ட மற்ற ஐந்து பெண்களும் சைக்கிளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“சரி. போ.”

ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்கு இதுதான். மற்றவர்களின் பையை அவள் தொட்டதே இல்லை.

யசிந்தா குருநகர்ப் பிள்ளை, பதினேழு வயது. வேலைக்கு நின்ற வீட்டில் ஒரு சோடித் தோட்டைக் களவெடுத்துப் பிடிபட்டவள். சீர்திருத்த இல்லத்தில் இரண்டு வருசம் இருந்தபிறகு, தொழில் பழக என்று சண்டிலிப்பாயில் இந்தச் சவர்க்காரக் கொட்டிலுக்கு அனுப்பியிருந்தார்கள். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. யுத்தத் தடையால் யாழ்ப்பாணத்துக்கு வெளியிலிருந்து சவர்க்காரம் வராத காலம். சிவக்கொழுந்து காய்ச்சுகிற கட்டிக்குச் சனம் வரிசையில் நின்றது.

யசிந்தா கெதியாய்ப் பழகிவிட்டாள். எண்ணெய் இறுகும் பதம் அவளுக்குக் கைவந்துவிட்டது. மாதச் சம்பளமும் உண்டு. முதல் சம்பளத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதென்று தெரியாமல் மூன்று நாள் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். தாய் மற்றப் பிள்ளைகளோடு வள்ளமேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போனவள்தான். கடிதமில்லை.

மத்தியானம் கிணற்றடியில் தனியே இருந்து சாப்பிடுவாள். ஒருநாள் மற்றவர்களுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். அவர்களில் ஒருத்தி, குணலட்சுமி, தன் பையை எடுத்து மற்றப் பக்கம் வைத்தாள். அதற்குப் பிறகு யசிந்தா அந்தப் பக்கம் போகவில்லை.

யசிந்தாவுக்குப் பொறுப்பான நன்னடத்தை உத்தியோகத்தர் சீவரத்தினம் மாதத்தில் ஒருநாள் சைக்கிளில் வந்து பார்ப்பார். இந்தமுறை வந்தது ஐந்து மணிக்கு. பை கொட்டுவதைப் பார்த்தார். அவருக்கு முகம் மாறிவிட்டது.

“அக்கா, உது சரியில்லை. திருந்தி வாற பிள்ளையை நாங்கள் நம்பவேணும்.”

“என்ரை கொட்டில். என்ரை சவர்க்காரம்,” என்றாள் சிவக்கொழுந்து.

ஒழுங்கை முகப்பில் அவர் யசிந்தாவை நிறுத்தினார்.

“கஷ்டமெண்டால் சொல்லு பிள்ளை. வேறை இடம் பாக்கிறன்.”

“வேறை ஆர் எடுப்பினம் ஐயா?”

அவர் சைக்கிளில் ஏறினார்.

இரண்டு கிழமை போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஆசுபத்திரிக்கென்று கட்டி வைத்த பொதியைக் காணவில்லை. பன்னிரண்டு கட்டி.

ஐந்து பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

“கள்ளியைக் கொண்டுவந்து கொட்டிலுக்கை விட்டால் வேறை என்ன நடக்கும்?” என்றாள் குணலட்சுமி கடைசியில். “உவள் நிண்டால் நாங்கள் வேலைக்கு வரமாட்டம்.”

ஆள் அனுப்பிச் சீவரத்தினத்தைக் கூப்பிட்டார்கள். வந்தவர் விசயத்தைக் கேட்டார். ஒரு பெருமூச்சு விட்டார்.

“ஏன் பிள்ளை உப்பிடிச் செய்தனி?”

யசிந்தா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நான் எடுக்கேல்லை ஐயா.”

“சரி, வெளிக்கிடு. இல்லத்துக்குப் போவம்.”

அவள் பையைத் தேடி எடுத்தாள்.

“பொறுங்கோ ஐயா.” சிவக்கொழுந்து எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “நேற்றுப் பின்னேரம் நாலரைக்கு அந்தப் பொதி மேசையிலை இருந்தது. நானே கட்டி வைச்சனான். அஞ்சு மணிக்கு இவளின்ரை பையைக் கொட்டிப் பாத்தனான். குணலட்சுமி, நீயும் பாத்துக்கொண்டு நிண்டனி. என்ன இருந்தது?”

குணலட்சுமி நிலத்தைப் பார்த்தாள்.

“சொல்லு.”

“சாப்பாட்டுப் பெட்டி.”

“வேறை?”

“துவாய். செபமாலை.”

“பன்ரண்டு கட்டி சட்டைக்குள்ளை ஒளிக்கிற சாமானில்லை. அவள் போன உடனை நான் கதவைப் பூட்டினனான். விடிய நான்தான் திறந்தனான். இவள் எடுக்கேல்லை எண்டது உங்கள் அஞ்சு பேருக்கும் தெரியும். மற்ற ஆக்களின்ரை பையை நான் பாக்கேல்லை. அதாலை மற்ற ஆக்களைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது.”

சீவரத்தினம் சைக்கிளைத் திருப்பினார். யசிந்தாவின் பக்கம் அவர் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை பொதி சவர்க்காரம் ஊற்றுகிற அச்சுத் தட்டுகளுக்குப் பின்னால் கிடந்தது. பன்னிரண்டு கட்டியும் சரியாய் இருந்தன. யார் வைத்ததென்று சிவக்கொழுந்து விசாரிக்கவில்லை. எடுத்து ஆசுபத்திரிக்கு அனுப்பிவிட்டாள்.

அன்று மத்தியானமும் யசிந்தா கிணற்றடியில்தான் இருந்தாள். சிவக்கொழுந்து தன் சாப்பாட்டோடு வந்து பக்கத்துக் கல்லில் இருந்தாள்.

“அக்கா,” என்றாள் யசிந்தா. “நீங்கள் என்னை நம்பேல்லை எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சனான். அழுதிருக்கிறன்.”

“தெரியும்.”

“அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் பையைக் கொட்டச் சொன்னனீங்கள்?”

சிவக்கொழுந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“உனக்கு முந்தி உந்த இல்லத்திலை இருந்து ஒருத்தி வந்தவள். நல்ல பிள்ளை. அவளை நான் முழுசா நம்பினன், ஒருநாளும் பை பாக்கேல்லை. ஒருநாள் மூண்டு கட்டி காணாமல் போச்சுது. எல்லாரும் சேர்ந்து அவளைக் கள்ளியெண்டு சொல்லி இழுத்துக்கொண்டு போகேக்கை, அவளுக்காகக் காட்ட என்னட்டை அந்த நம்பிக்கை மட்டும்தான் பிள்ளை இருந்தது.”