விசிலடிக்கும் இறக்கை

விமான இரைச்சலை அளக்கும் காற்றுச் சுரங்கத்தில், அந்தச் சிறிய இறக்கை மாதிரி மூன்று வாரமாக விசிலடித்து ரோஸ்லினின் உயிரை வாங்கியது. ஆயுதபூஜைக்கு மறுநாள் காற்றை ஓடவிட்டாள், விசிலே இல்லை. தன் திருத்தம் பலித்துவிட்டதென்று டைரக்டருக்குப் போன் போட்டாள். நாளைக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார். சந்தோஷமாக உள்ளே போனால், இறக்கையின் முன்விளிம்பு நெடுகச் சந்தனப் பொட்டு.

“எல்லா மெஷினுக்கும் வெச்சோம். இது மட்டும் மூளியா நிக்கலாமா, மேடம்?” என்றார் டெக்னீஷியன் தணிகாசலம்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பிரிட் போட்டு அவளே துடைத்தாள். காற்று கிளம்பியதும் விசிலும் கிளம்பியது.

பிறகு ஸ்கேலும் நோட்டுமாக வெளியே வந்தாள்.

“அண்ணே, கையக் காட்டுங்க. எந்த விரலால வெச்சீங்க?”