எவர்சில்வர் மட்டும் மிச்சம்

கேஸ் ஸ்டடி என்பது நோயாளியைப் பற்றியது என்று படித்தவர்களிடையேகூட ஒரு நம்பிக்கை நிலவுகிறது. மிகவும் வருந்தத்தக்க பிழை. அது பெரும்பாலும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவரைப் பற்றியது.

பேச்சுச் சிகிச்சை படிக்கும் இறுதியாண்டு மாணவி ஒருத்தியும் அப்படித்தான் எழுதியிருந்தாள். வகுப்பில் அவளுக்குக் 'கேள்விக்குறி' என்று பட்டப்பெயர். எதையும் ஏன், எப்படி என்று குடையாமல் விடமாட்டாள்.

நோயாளி, பக்கவாதத்தில் பேச்சை இழந்த ஒரு மாமியார். மற்றவர் சொல்வது புரிகிறது. பதில்தான் வாய்க்கு வந்து சேரவில்லை. கூட வருபவள் மருமகள். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை, கையில் சாவிக்கொத்து, வாயில் நெருப்பு.

காத்திருக்கும் அறையைக் கடக்கும்போது மாணவியின் காதில் விழுந்தது இது:

"ஜன்னல் திரையை வெயில்ல போட்டு வெளுக்க வச்சது நான்தான். இப்ப என்னங்கறீங்க?"

"அறி... வு..."

"அறிவுக்கு என்ன அத்தை? பாதியில நிறுத்தினா எப்படி? இருக்கா, இல்லையா?"

"இல்... ல."

"யாருக்கு?"

"உன... க்கு."

இதை மாணவி வகுப்பில் நடித்தே காட்டினாள். வகுப்பு கொதித்தது.

"வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுறா."

"வாயில்லாதவங்ககிட்ட வம்பு இழுக்கறதுல அப்படி என்ன சுகம்?"

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "வார்த்தை வருதாம்மா?"

"வாரா வாரம் ஒண்ணு ரெண்டு புதுசா வருது சார். அந்த மருமகளையும் மீறி."

"மீறியா?" என்றார். கேள்வியை மட்டும் போட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மதிப்பெண் போடுகிறவர்களின் வழக்கம் அது.

நோயாளிக்கு அமைதியான சூழல் வேண்டும் என்று வகுப்பு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மாணவியே மருமகளிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். கொஞ்ச நாள் அத்தை தன் மகள் வீட்டில் இருக்கட்டும், மகளே கூட்டி வரட்டும்.

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "அத்தைக்கு நல்லதுன்னா சரிங்க" என்று சாவிக்கொத்தோடு போய்விட்டாள். சண்டைக்காரி இவ்வளவு சுலபத்தில் அடங்கியது மாணவிக்கு ஆச்சரியம்தான்.

மகள் வந்தாள். குரலில் தேன் சொட்டியது.

"இது என்னன்னு சொல்லுங்கம்மா?" மாணவி சாவிப் படத்தைக் காட்டினாள்.

"சாவி" என்றாள் மகள். "அம்மாவுக்குத் தெரியும். பாவம், ரொம்பப் படுத்தாதீங்க."

"தண்ணி வேணுமாம்மா?"

"வேணும். கண்ணைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சுடும்."

மாமியார் சிரித்தார். அடுத்த வாரமும் சிரித்தார். அதற்கடுத்த வாரம் 'இல்ல' கூட வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் சில மாதங்கள் பேச்சுக்கு அறுவடைக் காலம். அது கண்ணெதிரே கழிந்துகொண்டிருந்தது.

நல்ல சூழலில் பேச்சு ஏன் பின்னால் போகிறது? கேள்விக்குறிக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மருமகளைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மதிய இடைவேளையில் வந்து நின்றாள் அவள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் அத்தைக்கும் எப்பவுமே ஒத்துவராதா?"

"யாருங்க சொன்னது? நான் கல்யாணமாகி வந்ததிலேருந்து எங்களுக்குள்ள ஒரு சின்ன மனஸ்தாபம் கிடையாது. என் வீட்டுக்காரருக்கே அதுல வயித்தெரிச்சல்."

"அப்ப அந்த ஜன்னல் திரை?"

மருமகள் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்போ அவங்ககிட்டேருந்து ஒரு சத்தமும் இல்ல. சுவரையே பார்த்துட்டு இருப்பாங்க. ஒருநாள் கைதவறி, அவங்க ஆசையா வச்சிருந்த கண்ணாடி டம்ளரை உடைச்சுட்டேன். 'கண்ணு தெரியல?'ன்னாங்க. பளிச்சுனு, ரெண்டு வார்த்தை. சமையலறையில போய் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் வேணும்னே இன்னொண்ணை உடைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வரிசையா உடைச்சேன். இப்ப வீட்டுல எவர்சில்வர் மட்டும்தான் மிச்சம். அது விழுந்தா அத்தை திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல. அதான் திரையை வெளுக்க வைக்கறது, துணியைத் தப்பா மடிக்கறதுன்னு ஏதாவது செஞ்சுட்டு இருந்தேன். பிடிச்சவங்களோட சண்டை போட விஷயம் தேடறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது."

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க கேட்கலையே."

கேள்விக்குறி தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் மருமகளே பயிற்சிக்கு வந்தாள், வேண்டுமென்றே அரைமணி தாமதமாக. மகளோடு முன்பே வந்து காத்திருந்த மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்... டி... லேட்டு?"

"பதில் சொல்ல முடியாது" என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மாத இறுதியில் பயிற்சி அறையில் படங்கள் அடுக்கிய தட்டுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. நிறைய மலிவான கண்ணாடி டம்ளர்கள், மாணவி வாங்கி வைத்தவை. துடைப்பத்தைப் பேராசிரியர் கொடுத்தனுப்பியிருந்தார்.