சம்பந்தியின் கட்சி

“அம்மா, அவங்க எந்தக் கட்சின்னு அப்பா கேட்டா, எந்தக் கட்சியும் இல்லைன்னு சொல்லிடும்மா!”

சமையலறை வாசலில் நின்று மகள் கெஞ்சினாள். மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம். அவளும் அந்தப் பையனும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார்கள். அவள் கணக்கு டீச்சர், அவன் விளையாட்டு ஆசிரியர். பையனிடம் ஒரு குறையும் இல்லை. அவனுடைய அப்பா, இவள் அப்பாவின் கட்சிக்கு எதிர்க்கட்சியில் வட்டச் செயலாளர் என்பதுதான் சிக்கல்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா?” என்றாள் அம்மா.

“அப்பாவைப் பத்தி உனக்குத் தெரியாதா?”

அப்பாவைப் பற்றி அந்தத் தெருவுக்கே தெரியும். படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். தன் கட்சித் தலைவர் படம் என்றால் கூலி வாங்க மாட்டார். வட்டாரக் கூட்டம் அந்தக் கடையில்தான் நடக்கும். வருகிற அத்தனை பேருக்கும் டீ போட்டுக் கொடுப்பது அம்மா.

“அந்தக் கட்சிக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரிம்மா. வாயைத் திறந்தா சண்டை. வீட்டுப் பொம்பளைங்களை மதிக்கவே மாட்டாங்க.”

“உன் பையன்?”

“அவன் அப்படியில்ல.”

“அவனோட அம்மா?”

“சேச்சே, அவங்க தங்கம்!”

“அப்ப அந்த ‘எல்லாரும்’ யாருடி?”

“உனக்கெங்க புரியப்போகுது. நீயும் அப்பா பக்கம்தானே!” என்று மகள் முணுமுணுத்தாள்.

அம்மா டீக் கோப்பைகளைக் கொஞ்சம் சத்தமாகவே அடுக்கினாள்.

அழைப்பு மணி அடித்தது. அவன் அப்பாவைக் கட்சி பேட்ஜைச் சட்டையில் குத்தவிடாமல் அழைத்து வரும்படி பையனிடம் மகள் முன்பே சொல்லி வைத்திருந்தாள். அவரும் குத்தாமல்தான் வந்திருந்தார். ஆனால் வழக்கமாகக் குத்துகிற இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் பளிச்சென்று தெரிந்தன.

உள்ளே வந்தவர் சுவரில் இருந்த தலைவர் படத்தைப் பார்த்தார். அதன் கீழே நின்ற மனிதரைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“நீங்களா? போன தேர்தல்ல எங்க ஆள் பேசிட்டிருக்கும்போது மைக் ஒயரைப் பிடுங்கினது...”

“நானேதான்” என்றார் அப்பா. “என் கடை வாசல்ல கொண்டுவந்து ஸ்பீக்கரைக் கட்டினது நீங்கதானே?”

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மாதான் சமாளித்து, “முதல்ல உட்காருவோமே” என்றாள்.

உட்கார்ந்தார்கள். பையனின் அப்பா தொண்டையைச் செருமினார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க, வெளிப்படையாவே கேட்டுடறேன். பசங்க ஆசைப்படறாங்க, சரி. நாளைக்கு ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு கட்சி. தேர்தல் வந்தா வீடு வீடா இருக்குமா? சரிப்பட்டு வருமாங்க?”

‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மா டீத்தட்டோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கோப்பையைத் தானே எடுத்து விருந்தாளியிடம் நீட்டினார்.

“டீயைக் குடிங்க சம்பந்தி. எங்க வீட்ல சரிப்பட்டு வரலையா? கல்யாணமான நாள்லேருந்து இவ ஓட்டு உங்க கட்சிக்குத்தான். தேர்தலுக்குத் தேர்தல் நான் போடற ஓட்டை இவ கழிச்சுட்டு வர்றதுக்கு, நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போறேன்!”