சிலுவை அனுப்பிய அப்டேட்

"சிலுவை அண்ணன் எங்க? வெளிய வரச் சொல்லுங்க."

வாசலில் நின்றபடியே கேட்டாள் விஜிலா. கையில் போன். அதன் திரையில் 'அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்' என்ற வரி மட்டும் நின்றது. எதைத் தொட்டாலும் அசைய மறுத்தது.

சிலுவையின் மனைவி பிளாரன்ஸ், பின்னால் இருந்த அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவிய இல்லளா. உள்ள வா, உக்காரு."

"உக்கார வரலக்கா. காத்து மழை சொல்லுற ஆப்புக்குப் புது அப்டேட்னு அண்ணன் படகுக்காரங்க குரூப்புல அனுப்பினாவள்ல? நம்பி அழுத்தினேன். போன் இப்படி ஆயிட்டு. அதோட விட்டாலும் பரவாயில்ல. என் பேர்ல ஊருக்கெல்லாம் அதே அப்டேட் போயிருக்கு. பக்கத்து வீட்டு அனிஷ் வந்து, என்னத்தக்கா அனுப்பி வச்சிருக்கீயன்னு கேக்கான்."

"அது அவிய அனுப்பினது இல்ல விஜிலா. யாரோ தெரிஞ்சவங்க பேர்ல இவியளுக்கு வந்துச்சு. இவியளும் நம்பி அழுத்தினாவ. அது தானா எல்லாருக்கும் போயிட்டு. அப்டேட்டே இல்லையாம், வைரஸாம். உடனே என் தம்பி போன்ல இருந்து 'யாரும் அழுத்தாதீங்க'ன்னு குரூப்புல போட்டாவளே."

"செத்த போன்ல அதை எப்படிக்கா பாக்க?"

பிளாரன்ஸ் திரும்பிச் சாத்திய கதவைப் பார்த்தாள்.

போன் போனதற்காகவா விஜிலா இவ்வளவு தூரம் ஓடி வந்தாள்? சிலுவையின் விசைப்படகில் வேலை பார்த்த அவள் புருஷன் ரெக்சன், அதை விட்டுவிட்டுத் தனியாக வள்ளம் இறக்கினான். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. குரூப்பை விட்டும் அவன் வெளியேறிவிட்டான். காற்று எச்சரிக்கை வந்தால் அவனுக்குச் சொல்ல வேண்டுமே என்று விஜிலா மட்டும் அதில் இருந்தாள்.

ஆக, ரெக்சனுக்கு அந்த அப்டேட் போயிருந்தால் அது அவள் பேரில்தான் போயிருக்கும். பொண்டாட்டி அனுப்பியதை அவன் யோசிக்காமல் அழுத்துவான். இப்போது அவன் கடலில் இருக்கிறான்.

"அவியளுக்குப் போன் போகவே மாட்டேங்குதுக்கா," என்றாள். "அனிஷ் போன்ல இருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான் வாரேன்."

"கடல்ல சிக்னல் எங்களா கிடைக்கும்? நீ அனுப்பினதும் போய்ச் சேர்ந்திருக்காது. மனசைப் போட்டு அலட்டாத."

மாடியில் காயப்போட்டிருந்த போர்வை ஒன்று காற்றில் பறந்து தெருவில் விழுந்தது.

"என்னக்கா, காத்து இப்படி அடிக்கு?"

"கச்சான் காத்துக் காலம்லா. அடிக்கத்தான் செய்யும்." பிளாரன்ஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணன் எங்க போயிருக்காவ?"

"கடலுக்கு."

"கடலுக்கா? காலைப் பூசையில பாத்தேனே. தொழிலுக்குப் போறவிய விடியமுன்னலா போவாவ?"

"இப்பத்தான் போனாவ."

விஜிலாவுக்கு அவ்வளவுதான் பொறுமை.

"நியாயம் கேக்க ஆள் வருமின்னு ஓடிட்டாவ, அப்படித்தான? என் மாப்பிள்ளை தனி வள்ளம் இறக்கினது உங்க ரெண்டு பேருக்கும் பொறுக்கல. எங்களைக் கெடுக்கத்தான் அதை அனுப்பியிருக்காவ."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தெருவில் போன இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். பிளாரன்ஸின் கண்கள் கலங்கின.

"ஏசணும்னா ஏசு. உள்ள வந்து ஏசு. தேயிலை போடுதேன்."

"உங்க தேயிலை யாருக்கு வேணும்? நான் கடற்கரைக்குப் போறேன். அங்கன போனா யாராவது தகவல் சொல்லுவாங்க."

பிளாரன்ஸ் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கன போகாத. இங்கனயே இரு."

"ஏன் போகக்கூடாது?"

"சொன்னாக் கேளு."

"என்னத்த மறைக்கிய? அந்தக் கதவை எதுக்குச் சாத்தினிய? அண்ணன் உள்ளதான் இருக்காவளா?"

அந்த நேரம் சாத்திய அறைக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அதற்குள் ஆம்பளைக் குரல் ஒன்று.

விஜிலா கையை உதறிக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளே ஆள் யாரும் இல்லை. மேசைமேல் படகோடு பேசும் வாக்கி டாக்கி மட்டும் இருந்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே சிலுவை பேசினார்.

"பிளாரன்ஸ், கேக்குதா? ரெக்சனைக் கண்டுபிடிச்சிட்டேன். ஆளுக்கு ஒண்ணுமில்ல. அந்த அப்டேட்டை அழுத்திப் போன் செத்துப்போய்ப் புயல்காத்து எச்சரிக்கையே தெரியல இவனுக்கு. எல்லா வள்ளமும் கரையேறின பொறவும் இவன் மட்டும் கிழக்கே கிடந்தான். வள்ளத்தைக் கட்டி இழுத்துட்டு வாரேன். விஜிலா வந்து என்ன ஏசினாலும் வாயைத் திறக்காத, அந்தப் பிள்ளை பயந்துரும்னு சொன்னேன்லா? இனி சொல்லிரு."