இடது கை முதலில்

"வந்துட்டானா?"

வாசலில் எந்த வண்டி வந்து நின்றாலும் இதே கேள்விதான். இல்லைம்மா, வந்தால் நான் சொல்ல மாட்டேனா என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி என் வாயே வலித்துவிட்டது.

முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவளுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கொஞ்சம் குறைச்சல்தான்.

இங்கே எல்லோரும் அவரை ஜட்ஜம்மா என்றுதான் சொல்வோம். டீயில் சர்க்கரை கம்மியா, பக்கத்து அறைக்காரர் குறட்டை விட்டாரா, எல்லாவற்றுக்கும் உடனே தீர்ப்பு வந்துவிடும். மருமகள் விஷயத்தில் தீர்ப்பு எப்போதோ எழுதியாயிற்று. தன்னை இங்கே கொண்டுவந்து தள்ளியவள் அவள்தான். அதற்கு அப்பீலே கிடையாது.

மழை ஆரம்பித்ததிலிருந்து அந்த மருமகள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டால், அவளுக்கு வேலை அதிகம் என்பான் மகன். பொல்லாத வேலை! ஜட்ஜம்மாவோடு சேர்ந்து நானும் அவளைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். மகனுக்கும் மனசுக்குள் மரியாதை கொடுப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

குளிப்பாட்டி, தலை வாரி, புது ஸ்வெட்டரை எடுத்தேன்.

பக்கவாதத்தில் ஜட்ஜம்மாவுக்கு இடது கை விழுந்துவிட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு விழுந்த கைக்குத்தான் முதலில் போட வேண்டும். நல்ல கை எப்படியாவது வளைந்து நுழைந்துகொள்ளும். கழற்றும்போது நேர்மாறு. தெரியாதவர்கள் நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டு, அப்புறம் இந்தக் கையைப் பிடித்து இழுப்பார்கள். தோளில் உயிர் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படி இழுத்து, அந்த நல்ல கையாலேயே ஓர் அறை வாங்கியவள்தான்.

பொத்தான் போடும்போது ஜட்ஜம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டார். தன்னை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி மகனிடம் நான் கேட்க வேண்டுமாம். தான் கேட்டால் அவன் தலையைக் குனிந்துகொள்கிறானாம்.

கேட்கிறேன் என்றேன். சும்மா இல்லை, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மகன் வந்தபோது டீ ஆறிப்போயிருந்தது.

வந்தவன் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நடந்தான். போனை எடுத்துப் பார்த்தான், பையில் போட்டான், மறுபடியும் எடுத்தான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. சட்டைத் தோளில் ஏதோ ஒழுகிக் காய்ந்த கறை. வீட்டில் பெண்டாட்டி என்று ஒருத்தி இருக்கிறாளே, இதைக்கூடப் பார்த்து அனுப்ப மாட்டாளா?

பெற்றவளைப் பார்க்க வந்தவனுக்கு அப்படி என்ன அவசரம், ஒரு நிமிஷம் கால் தரையில் நிற்கவில்லையே!

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் மணி அடித்தது.

குறட்டைக்காரரை பாத்ரூமுக்குக் கூட்டிப்போனேன். அவர் நிதானமான மனுஷர். ஒவ்வொரு அடிக்கும் நின்று மூச்சு வாங்கினார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. அதற்குள் இவன் கிளம்பிவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

அவரைக் கட்டிலில் சாய்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தேன்.

ஜட்ஜம்மாவின் ஸ்வெட்டர் முழுக்க டீ. டம்ளர் தரையில் கிடந்தது. மகன் அலமாரியிலிருந்து பழைய ஸ்வெட்டரை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, ஈரத்தைக் கழற்றப் போய்க்கொண்டிருந்தான். போச்சு, தோளைப் பிடித்து இழுக்கப்போகிறான் பாவி என்று பதறிக்கொண்டு ஓடினேன்.

அவன் வலது கையை முதலில் உருவினான். அப்புறம்தான் இடது.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

காய்ந்த ஸ்வெட்டரை எடுத்தான். அதன் இடது கைக்குள், மணிக்கட்டுப் பக்கமிருந்து தன் கையை விட்டு, கைகுலுக்குவது மாதிரி அம்மாவின் விரல்களைப் பிடித்தான். இன்னொரு கையால் துணியை மட்டும் மேலே ஏற்றினான். அம்மாவின் கையை இழுக்கவே இல்லை. கண் கட்டிலில் கிடந்த போனிலேயே இருந்தது. கை தன்பாட்டில் வேலையைச் செய்தது.

நான் இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. இங்கே வேறு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டுச் செய்கிற காரியமும் இல்லை இது. காலையும் மாலையும் செய்து செய்து பழகினால்தான் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு செய்ய வரும்.

 அந்த மருமகளை நான் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

ஜட்ஜம்மா தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனின் விரல்களைப் பார்த்தார். பிறகு அந்தத் தோள் கறையை.

"அவளுக்கு எந்தக் கைடா?"

பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மகன் நின்றுவிட்டார்.  தலை நிமிராமலே, வலது என்றார். பேச்சும் போய்விட்டது என்றார்.

ஜட்ஜம்மா நல்ல கையை நீட்டி, மகனின் தோளில் காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். முழுசாகப் போகவில்லை.

"கெளம்பு. அவ தனியா இருப்பா."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் எதையும் கேட்டுவிடக் கூடாது என்று தலையை ஆட்டினார்.